ஊர், சேரி, காலனி: கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தோடு ஒப்பிட்டுத் திருமானூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தையும் தமிழகத்துத் தீண்டாமை எதிர்ப்புப் போராட்டத்தையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பையே எடுத்துக்காட்டுவர். தமிழ்ச் சிற்றூரின் பிரிவினை முதன்மையாகக் குடியிருப்பால் அமைந்தது. எனவே அதற்கு நெருங்கிய ஒப்புமை தென் மாநிலப் பேருந்தில் அன்று, 1966ஆம் ஆண்டின் சிகாகோ நகரிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்தின் நிலவியல், நிர்வாக வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திருமானூர், கொள்ளிடம், ஊர், சேரி, காலனி, குடிமை உரிமை, இனப் பிரிப்பு, சமூகப் புறக்கணிப்பு, சிறுத்தைகள்.

முன்னுரை

மார்ட்டின் லூதர் கிங் 1959ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்து ஏறத்தாழ ஒரு திங்கள் பயணம் செய்தார். கேரளத்துப் பள்ளியொன்றில் தம்மை அமெரிக்க நாட்டுத் தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தியபோது முதலில் அதிர்ந்ததையும், பின்னர்த் தம் மக்களின் நிலையை எண்ணி அச்சொல் பொருந்துவதே என்று ஏற்றுக்கொண்டதையும் 1965ஆம் ஆண்டு ஆற்றிய சொற்பொழிவில் அவர் நினைவுகூர்ந்தார். இவ்வொப்பீடு அவரோடு தொடங்கியதன்று. சோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்திருந்த முறையீட்டைப் பற்றி வினவினார்.

இவ்வாறு இரு போராட்டங்களும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்துள்ளன. ஆயினும் அவற்றை ஒப்பிடும்போது எதனை எதனோடு ஒப்பிடுவது என்னும் வினா எழுகிறது. பேருந்து இருக்கை, உணவகம், பள்ளி ஆகிய இடங்களில் நிலவிய பிரிப்பு ஒருவகை. மக்கள் வாழும் நிலத்தையே இரண்டாகப் பகுத்து வைத்திருக்கும் பிரிப்பு மற்றொரு வகை. இவ்விரண்டும் தோன்றும் முறையும் வேறு. தீரும் முறையும் வேறு. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள திருமானூரும் அதனைச் சூழ்ந்த வட்டாரமும் இவ்வேறுபாட்டை விளக்குவதற்குத் தக்க களமாக அமைகின்றன.

1. கொள்ளிடக் கரையில் ஊரும் சேரியும்

திருமானூர் வட்டாரம் சோழர் காலம் முதலே நீராலும் கோயிலாலும் அறியப்பட்டது. மூவர் பாடல் பெற்ற திருமழபாடி, கண்டராதித்த சோழரின் பெயர் தாங்கிய கண்டிராதித்தம், அவர்தம் தேவியார் பெயரால் வழங்கும் செம்பியன் மாதேவிப் பேரேரி, புள்ளம்பாடி வாய்க்கால் நீரைப் பெறும் கரைவெட்டி ஏரி ஆகியன இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. வேளாண்மை செழித்த இத்தகைய சோழ நாட்டு ஊர்களின் உள்ளமைப்பைத் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும் அக்கல்வெட்டுகள் ஊர்நத்தம், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனக் குடியிருப்புகளைத் தனித்தனியே குறிக்கின்றன. சுடுகாடும் ஊரார்க்கு ஒன்று, பறையர்க்கு ஒன்று எனப் பிரித்துக் கூறப்படுகிறது. நொபொரு கராசிமா இச்சான்றுகளைக் கொண்டு சோழர் கால ஊரமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. இக்கல்வெட்டுகள் தீண்டாமையைக் கட்டளையிடவில்லை. முன்னரே நிலவிய பகுப்பை வரிக்கணக்கிற்காகப் பதிவு செய்கின்றன. யாரும் சட்டமாக இயற்றாத ஒன்று நிலக்கணக்கில் இயல்பான செய்தியாக இடம்பெற்றுவிட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியபுராணமும் இதே அமைப்பைக் காட்டுகிறது. திருநாளைப்போவாராகிய நந்தனாரின் ஊர் கொள்ளிடக் கரையில் மேற்காநாட்டைச் சேர்ந்த ஆதனூர் என்கிறார் சேக்கிழார். வயலும் சோலையும் மாடமும் நிறைந்த ஊரை முதலிலும், அதன் புறத்தே அமைந்த புலைப்பாடியைப் பின்னரும் அவர் வருணிக்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளிப்பவர் நந்தனார். அவர்தம் உழைப்பின் பயன் கோயிலுக்குள் செல்கிறது. அவர் வாயிலுக்குப் புறத்தே நிற்கிறார். உழைப்பை ஏற்று, உழைத்தவரை விலக்கும் இம்முறை, வெள்ளையர் இல்லங்களில் சமைத்தும் குழந்தைகளை வளர்த்தும் வந்த கறுப்பினப் பெண்கள் அதே வெள்ளையரோடு பேருந்தில் இணையாக அமர இயலாதிருந்த நிலையை ஒத்தது.

2. சட்டம் வகுத்த பிரிவினையும் வழக்காறு வகுத்த பிரிவினையும்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் நிலவிய இனப் பிரிப்பு சட்டத்தால் எழுதப்பட்டது. ஜிம் குரோ சட்டங்கள் எனப்படும் அவற்றிற்கு 1896ஆம் ஆண்டு பிளெசி எதிர் பெர்குசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. வசதிகள் இணையாக இருப்பின் பிரித்து வைத்தல் குற்றமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1897இல், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். அதன் தொடர்பாக எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அக்கோயிலின் வழக்காற்றை ஏற்று நாடார்களின் நுழைவுரிமையை மறுத்தது. இரண்டு தீர்ப்புகளும் விலக்கலையே காத்தன. ஆனால் அமெரிக்க நீதிமன்றம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைக் காத்தது. பிரிவி கவுன்சில் சட்டமன்றம் எதுவும் இயற்றாத வழக்காற்றைக் காத்தது.

இவ்வேறுபாட்டின் விளைவு பிற்காலத்தில் புலப்பட்டது. 1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு, பள்ளிகளில் இனப் பிரிப்பு அரசமைப்பிற்கு முரணானது என்றது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் தென் மாநிலச் சட்டங்களின் அடித்தளத்தைத் தகர்த்தன. பேரெதிர்ப்பும் வன்முறையும் நிகழ்ந்தபோதிலும், பேருந்திலும் உணவகத்திலும் பிரித்து அமர்த்தும் முறை சில ஆண்டுகளில் மறைந்தது.

கிங் 1966ஆம் ஆண்டு வடக்கே சிகாகோ நகருக்குச் சென்று, கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியொன்றில் வாடகை வீட்டில் குடியேறிப் போராட்டத்தைத் தொடர்ந்தார். அங்குப் பேருந்தில் பின்னிருக்கைச் சட்டம் இல்லை. ஆயினும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியும் வெள்ளையர் வாழும் பகுதியும் தனித்தனியே இருந்தன. வீட்டு முகவர்களின் நடைமுறை, வங்கிக் கடன் மறுப்பு, அண்டை வீட்டாரின் எதிர்ப்பு ஆகியவை சேர்ந்து அப்பிரிப்பை நிலைநிறுத்தின. நீக்குவதற்கென ஒரு சட்டப் பலகை அங்கு இல்லாமையால் போராட்டம் இடர்ப்பட்டது. கிங் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. குடியிருப்புப் பிரிவினை அதன் பின்னரும் நீடித்தது.

திருமானூர் வட்டாரத்தின் ஊர்களைப் போன்று ஊரும் சேரியும் தனித்தனியே அமைந்த தமிழ்ச் சிற்றூர்கள் இச்சிகாகோ நிலைக்கே நெருங்கியவை. யார் எங்கு வாழ்கிறார் என்பதே யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம், எவ்வழியே பிணத்தைக் கொண்டு செல்லலாம், எத்தெருவில் தேர் வரும் என்பவற்றை முடிவு செய்கிறது.

3. வழியும் நீரும்: சட்டத்தின் பயணம்

பொதுவிடங்களைப் பயன்படுத்தும் உரிமை தமிழகத்தில் மிக முன்னரே சட்டமன்றத்தில் பேசப்பட்டது. ‘பறையன்’ இதழை 1893இல் தொடங்கியவரும், தென்னாப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பியவருமான இரட்டைமலை சீனிவாசன், 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, வழி ஆகியவற்றில் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், அலுவலகம் முதலியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறி அரசாணையாயிற்று. மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்ததற்கு முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் இது நிகழ்ந்தது.

ஆணை வெளிவந்த அதே ஆண்டில் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் நடந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். ‘பொது’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் சிக்கல் அப்போதே தோன்றிவிட்டது. பொதுப் பணத்தில் போடப்பட்ட சாலையாயினும் கோயிலைச் சூழ்ந்திருப்பதால் அது கோயில் தெரு என்றனர். ஆட்சேபிப்போருக்குத் தண்டனை இல்லாத ஆணையால் பயனில்லை என்பதை உணர்ந்த ஆர். வீரையன், தடுப்போருக்குத் தண்டம் விதிக்கும் திருத்தத்தைத் தலத்தாபனச் சட்டத்தில் 1926இல் இடம்பெறச் செய்தார். எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் குடிமை இயலாமைகளை நீக்கும் சட்டம் உருவாயிற்று. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைவு நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் மாகாணக் கோயில்களை அனைத்து இந்துக்களுக்கும் திறந்தது.

அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் தீண்டாமை என்பது யாது என்று அது வரையறுக்கவில்லை. சொல்லின் நேர்ப்பொருளைக் கொள்ளாது, வரலாற்றில் வளர்ந்து வந்த நடைமுறையையே அச்சொல் குறிக்கும் என்று தேவராஜய்யா வழக்கில் மைசூர் உயர்நீதிமன்றம் 1957இல் விளக்கியது. வழக்காற்றைக் காத்த 1908ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும், வழக்காற்றையே குற்றமாக அடையாளங் கண்ட இத்தீர்ப்புக்கும் இடைப்பட்ட தொலைவு, சட்டச் சிந்தனையில் நேர்ந்த பெரும் மாற்றமாகும்.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. கடை, உணவகம், அங்குப் பொதுவாக வைக்கப்படும் குவளை முதலிய கலங்கள், ஆறு, கிணறு, குழாய், நீராடும் துறை, இடுகாடு, சாலை எனப் பலவும் அதன் 4ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளன. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறை இப்பிரிவின்கீழ்க் குற்றமாகும். இத்தகைய செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாக நிகழ்ந்திருப்பின் அது தீண்டாமையின் காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க 12ஆம் பிரிவு வகை செய்கிறது. மெய்ப்பிக்கும் சுமையை மாற்றும் இவ்விதி, எழுதப்படாத வழக்காற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எத்துணை அரிது என்பதை உணர்ந்து எழுதப்பட்டதாகும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதனினும் கடுமையானது. இருப்பினும் அச்சட்டத்தின்கீழ்ப் பதியப்படும் வழக்கையும் தமிழக மக்கள் பேச்சு வழக்கில் ‘பி.சி.ஆர். வழக்கு’ என்றே குறிப்பிடுவர். குடிமை உரிமை என்னும் சொல் சிற்றூர்ப் பேச்சில் உரிமையின் பெயராக அமையாமல் வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டது.

4. புறக்கணிப்பு யார் கையில்?

மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அந்நகரப் பேருந்துப் பயணிகளில் அவர்களே பெரும்பான்மையினர். அவர்கள் செலுத்திய கட்டணமே நிறுவனத்தின் வருவாய். எனவே புறக்கணிப்பு ஒடுக்கப்பட்டோரின் படைக்கலமாயிற்று.

தமிழ்ச் சிற்றூரில் இதன் திசை தலைகீழானது. நிலம் ஊராரிடமும், உழைப்பு சேரியாரிடமும் இருக்கும் இடத்தில் வேலை தராமை, கடையில் பொருள் விற்காமை, வயல் வரப்பில் நடக்க விடாமை ஆகியவை ஆதிக்கச் சாதியினரின் கைப்படையாகின்றன. இதனாலேயே இந்தியச் சட்டம் சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் போராட்டத்தின் சிறந்த அறவழிக் கருவியும், இந்தியச் சட்டத்தின் குற்றப் பட்டியலில் உள்ள செயலும் ஒரே சொல்லால் வழங்குவது, இருவேறு பொருளாதார நிலைகளின் விளைவு.

உழைப்பை நிறுத்தி வைக்கும் வலிமை தமிழகத்தில் இல்லாமலில்லை. கொள்ளிடத்தின் தென்புறம் கீழத்தஞ்சைப் பகுதியில் பி. சீனிவாசராவ் முதலியோர் 1940களில் விவசாயத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டினர். சாணிப்பால், சவுக்கடி ஆகிய கொடுமைகளுக்கு எதிராக எழுந்த அப்போராட்டத்தில் கூலியும் மதிப்பும் ஒரே கோரிக்கையாயின. அதன் விளைவுகளுள் ஒன்று 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். பண்ணையாளை மனம்போல நீக்குவதை அது தடுத்தது.

அச்சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்திற்கு மட்டும் உரியது. திருமானூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒரே நெல், ஒரே நடவு, ஒரே ஆற்று நீர் என்றிருந்தும், கொள்ளிடத்தின் தென்கரையில் செல்லுபடியான பண்ணையாள் பாதுகாப்பு வடகரைக்கு எட்டவில்லை. இது இவ்வட்டாரத்தின் வரலாற்றைத் தஞ்சை வரலாற்றோடு சேர்த்தே எழுதிவிடும் போக்கிற்கு ஓர் எச்சரிக்கையாகும். பின்னர் இப்பகுதி 1995இல் பெரம்பலூர் மாவட்டத்திலும், 2007இல் மீண்டும் உருவான அரியலூர் மாவட்டத்திலும் அடங்கியது. சிமெண்ட் ஆலை, கட்டடப் பணி, வெளியூர் வேலை ஆகியன பெருகிய இக்காலத்தில் ஊரின் கூலியை மட்டுமே நம்பி வாழும் நிலை தளர்ந்துள்ளது. புறக்கணிப்பின் வன்மையைக் குறைத்ததில் சட்டத்தைப் போலவே இம்மாற்றத்திற்கும் பங்குண்டு.

5. காலனி: அரசு வகுத்த எல்லை

சேரியின் நெருக்கடியைத் தீர்க்க அரசு வீட்டுமனை வழங்கியது. இதற்கென நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நிலமற்றோர்க்கு மனையும் பட்டாவும் கிடைத்தமை மறுக்கவியலாப் பயன். ஊராரின் மனையில் குடியிருந்தவர் தம் பெயரில் மனை பெறும்போது, அவரை வெளியேற்றுவதாக அச்சுறுத்தும் வழி அடைபடுகிறது.

ஆனால் அம்மனைகள் பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டியோ, ஊருக்கு இன்னும் அப்பாலோ அமைந்தன. சேரி என்ற பெயர் போய்க் காலனி என்ற பெயர் வந்தது. பள்ளி, நியாயவிலைக் கடை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, இடுகாடு ஆகியவற்றையும் காலனிக்கெனத் தனியே அமைக்கும் வழக்கம் பல ஊர்களில் தோன்றியது. பூசலைத் தவிர்க்கும் எளிய வழி என்று கருதி அதிகாரிகள் இதனை மேற்கொண்டனர். பிரித்து வைத்து இணையாக வழங்குதல் என்னும் பிளெசி தீர்ப்பின் கோட்பாடு, எவரும் அப்பெயரால் அழைக்காமலேயே, நலத்திட்டத்தின் வடிவில் இங்கு இடம்பெற்றது.

அதன் இடரைப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் காட்டியது. பட்டியல் சாதி மக்கள் குடிநீர் பெற்ற மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022ஆம் ஆண்டு திசம்பரில் தெரியவந்தது. நீர் ஆதாரம் தனியாக இருக்கும்போது அதற்கு நேரும் தீங்கும் ஒரு சாராரை மட்டுமே தாக்குவதாகிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் இரு குடியிருப்புகளுக்கிடையே எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி 2008ஆம் ஆண்டு மே திங்களில்தான் இடிக்கப்பட்டது.

இப்போக்கிற்கு மாறாக அரசே எடுத்த முயற்சி 1997இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டம். நூறு வீடுகளுள் நாற்பது ஆதிதிராவிடர்க்கும் எஞ்சியவை பிற வகுப்பினர்க்கும் ஒதுக்கப்பட்டு, கலந்து குடியமர்த்தப்பட்டனர். சிகாகோவில் கிங் கோரியதற்கு மிக நெருங்கிய தமிழகத் திட்டம் இதுவே. ஆயின் அது புதிய குடியிருப்புகளைத் தோற்றுவித்ததேயன்றிப் பழைய ஊரையும் சேரியையும் இணைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தீண்டாச்சேரி எனக் கல்லில் பொறித்த காலந்தொட்டு, இடத்தின் பெயரே வாழ்வோரின் சாதியை அறிவித்து வந்தமையால் இவ்வறிவிப்பு பொருளுடையது. எனினும் பெயர் நீங்கியபின் அவ்விடத்திற்குச் செல்லும் வழியும் அங்குள்ள நீரும் ஊரோடு ஒன்றாகுமா என்பதே அதன் பயனை அளக்கும் கோல்.

6. சிறுத்தை என்னும் பெயர்

பெயர் மாற்றம் இரு போராட்டங்களிலும் இடம்பெற்றது. 1922இல் எம். சி. ராஜாவின் தீர்மானத்தால் பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்பது அரசு வழக்கில் ஏற்கப்பட்டது. கறுப்பின மக்களும் பிறர் சூட்டிய பெயரை மறுத்து, 1960களில் ‘கறுப்பு’ என்பதையே பெருமிதச் சொல்லாக்கினர்.

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி தோன்றியது. அதன் பெயரைத் தழுவி 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜ. வி. பவார், ராஜா தாலே முதலிய இளம் எழுத்தாளர்கள் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினர். அவ்வியக்கம் 1980களில் மலைச்சாமி தலைமையில் மதுரையில் இயங்கியது. அவர் மறைவுக்குப்பின் தலைமையேற்ற தொல். திருமாவளவன், இன்றைய அரியலூர் மாவட்டத்து அங்கனூரில் பிறந்தவர். விடுதலைச் சிறுத்தைகள் என்று பெயர் கொண்ட அவ்வியக்கம் 1999இல் தேர்தல் அரசியலுக்கு வந்தது. திருமானூரை உள்ளடக்கிய அரியலூர்ச் சட்டமன்றத் தொகுதி 2009 முதல் சிதம்பரம் தனித்தொகுதியின் பகுதியாக உள்ளது. அத்தொகுதியில் 2009, 2019, 2024 ஆகிய தேர்தல்களில் திருமாவளவன் வென்றார்.

ஓக்லாந்தில் எழுந்த ஒரு பெயர் பம்பாய், மதுரை வழியாகக் கொள்ளிட வடகரையின் சுவரெழுத்துகளில் இடம்பெற்றிருப்பது, இவ்வொப்பீடு ஆய்வாளர் வலிந்து செய்வதன்று, மக்களே தம் வாழ்வில் மேற்கொண்டது என்பதைக் காட்டுகிறது. தனித்தொகுதியில் ஊரும் சேரியும் சேர்ந்தே தம் பேராளரைத் தேர்ந்தெடுக்கின்றன. வாக்குச் சீட்டில் இணைந்த இரண்டும் குடியிருப்பில் இணையவில்லை.

முடிவுரை

சட்டம் எழுதிய பிரிவினையைச் சட்டத்தால் நீக்கலாம் என்பதை அமெரிக்கத் தென் மாநிலங்கள் காட்டின. குடியிருப்பால் அமைந்த பிரிவினை சட்டத்திற்குப் பின்னரும் தங்குவதைச் சிகாகோவும் தமிழ்ச் சிற்றூரும் காட்டுகின்றன. 1924ஆம் ஆண்டு ஆணை முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை தமிழகம் பெற்ற சட்டங்கள் உரிமையின் அளவில் குறைபட்டவையல்ல. அவை நடத்தையைத் தண்டித்தன. நிலத்தின் அமைப்பைத் தொடவில்லை. அரசின் நலத்திட்டமும் பல இடங்களில் அவ்வமைப்பை உறுதிப்படுத்தியது.

எனவே தீண்டாமையை ஆராய்வோர் நிகழ்ந்த குற்றங்களின் எண்ணிக்கையோடு நில்லாது, ஊர் வரைபடங்களையும் ஆராய்தல் வேண்டும். புதிய தொட்டி எங்கு எழுகிறது, சாலை எத்தெருவோடு நிற்கிறது, மனைப்பட்டா எத்திசையில் வழங்கப்படுகிறது, இடுகாட்டு வழி யார் வயலைக் கடக்கிறது என்பன ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நாள்தோறும் முடிவாகும் செய்திகள். திருமானூர் போன்ற வட்டாரங்களில் குடிமை உரிமையின் அடுத்த கட்டம் பெரிதும் அம்முடிவுகளைப் பொறுத்தே அமையும்.